கறுக்காத கிழங்குச் சாறு

அந்தக் கம்பெனியில் என்னை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் அங்கே யாரையும் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதில் எதைக் கழிக்க வேண்டுமோ, படிக்கிறவர்கள் கழித்துக்கொள்ளட்டும்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதிது. பாளையங்கோட்டையில் ரசாயனம் எடுத்து பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். கணவருக்குச் செங்கோட்டை ரயில் நிலையத்தில் வேலை; காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். படித்ததை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊரில் தைலக் கம்பெனி நடத்திவந்த ஒருவர் கெமிஸ்ட் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

"ஆம்பளயாளு ஒருத்தனும் வர மாட்டேங்கான். அதான் ஒங்களக் கூப்பிட்டேம்மா" என்றார் முதலாளி, முகத்துக்கு நேராக. அதை ஒரு பெருந்தன்மை போலச் சொன்னார். ஊரே அவரை அண்ணாச்சி என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவருடைய வியாபாரம் எல்லாம் சீசனை நம்பித்தான். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் ஐந்தருவிப் பக்கம் தட்டிக்கடை போட்டு, குளிக்க வருகிறவர்களுக்குத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை விற்பார். சாரல் நின்றால் வியாபாரமும் நின்றுவிடும். வருஷம் முழுக்க விற்கிற மாதிரி ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. மங்குக்கு மருந்து.

மங்கு என்பது கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் படருமே, அந்தக் கருந்திட்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதிகம் வரும். வலிக்காது, அரிக்காது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அண்ணாச்சியின் மகளை அது பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. ஆலங்குளத்தில் கடை வைத்திருந்த குடும்பத்தில் அவளைக் கொடுத்திருந்தார்கள். பெண் குழந்தை பிறந்த கையோடு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. "மூஞ்சி தெளியட்டும், வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டு மாமியார்க்காரி போனவள்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணாச்சிக்கு மருந்து வேண்டியது மகளுக்காகவா வியாபாரத்துக்காகவா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

என்னை வேலைக்கு எடுத்ததில் அதிகமாக எரிந்தவர் அண்ணாச்சியின் மச்சினர். மனைவியின் தம்பி. மூலிகை வாங்குவதும் தைலம் காய்ச்சுவதும் அதுவரை அவர் ராஜ்யம். நாட்டு வைத்தியம் தெரியும் என்று சொல்லிக்கொள்வார். எங்கே யாரிடம் படித்தார் என்று கேட்டால் மலையைக் கைகாட்டுவார்.

தைலம் காய்ச்சுகிற கொட்டகையின் ஓரத்தில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். புகை நேராக என் மூக்குக்குத்தான் வரும். நான் கேட்ட முதல் சாமான் உருளைக்கிழங்கு. மச்சினர் சத்தமாகச் சிரித்தார்.

"கெழங்கு நறுக்கவா பி.எஸ்ஸி. படிச்சிய?"

அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அண்ணாச்சிக்குத்தான் சொன்னேன். உருளைக்கிழங்கை நறுக்கி வைத்தால் கறுக்கிறது. கத்தரிக்காயும் அப்படித்தான். கிழங்குக்குள் ஒரு என்சைம் இருக்கிறது. காற்றுப் பட்டதும் அது வேலையைத் தொடங்கி நிறத்தை உண்டாக்குகிறது. அதே வகையைச் சேர்ந்த ஒன்றுதான் நம் தோலுக்குள்ளும் உட்கார்ந்து கறுப்பு நிறத்தைச் செய்கிறது. கல்லூரி நூலகத்தில் சஞ்சிகைகளில் இதைப் படித்திருந்தேன். கிழங்குச் சாற்றைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மூலிகைச் சாற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு குழாயில் வெறும் தண்ணீர். தண்ணீர் விட்டது முதலில் சிவந்து, பிறகு பழுப்பாகி, கடைசியில் கறுத்துவிடும். மற்றதில் எது கறுக்காமல் இருக்கிறதோ, அதில் அந்த என்சைமைத் தடுக்கும் சரக்கு ஏதோ இருக்கலாம். அது தோலிலும் வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம்.

"இருக்கலாம், செய்யலாம், போகலாம்" என்றார் அண்ணாச்சி. "இத எப்படிம்மா டப்பாவுல அச்சடிக்க?"

டப்பாவில் அவர் அச்சடிக்க நினைத்தது 'கெமிஸ்ட் பரிசோதித்தது' என்ற வார்த்தைகளை. அதற்காகத்தான் நான். பரிசோதனை அவருக்கு வேண்டியதில்லை. பரிசோதித்தவள் என்று காட்ட ஒருத்தி வேண்டும். இது புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. புரிந்த பிறகும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அவர்கள் மேலிருந்த கோபமே என்னை அவ்வளவு ஒழுங்காகச் செய்ய வைத்தது என்று நினைக்கிறேன்.

மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், நன்னாரி, ஆவாரம்பூ, மலையிலிருந்து வந்த பட்டைகள், பேர் தெரியாத இலைகள். எல்லாவற்றையும் இடித்து, ஊறவைத்து, வடிகட்டிச் சேர்த்துப் பார்த்தேன். பெரும்பாலானவை எதையும் தடுக்கவில்லை. சில சாறுகளின் நிறமே கறுப்பாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

எலுமிச்சைச் சாறு விட்ட குழாய் மட்டும் அப்படியே வெளுப்பாக நின்றது. மச்சினர் அதைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினார். "பாத்தியளா அத்தான்? இதுக்குத்தான் இம்புட்டு ஆர்ப்பாட்டமா? எலுமிச்சங்கா தேய்க்கச் சொல்லி எங்கம்மையே சொல்லுவாளே."

நான் குழாயை அவர் கையிலிருந்து வாங்கி, சோடா உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். நுரைத்தது. புளிப்பு முறிந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே சாறு சிவந்து, பழுப்பாகத் தொடங்கிவிட்டது. "புளிப்புல அது முடங்கிக் கெடந்தது, அவ்வளவுதான். புளிப்பு போனதும் எந்திரிச்சிட்டு" என்றேன். மச்சினர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குள் ஒரு குளிர்ச்சி. அந்த மனிதர் என்னை மன்னிக்கவே இல்லை.

கடைசியில் தேறியது அதிமதுரம் ஒன்றுதான். அதுவும் நிறுத்தவில்லை, தாமதப்படுத்தியது. தண்ணீர் விட்ட குழாய் நன்றாகக் கறுத்த பிறகும் அதிமதுரக் குழாய் இளம்பழுப்பில் நின்றது. புளிப்பால் இல்லை என்பதையும் பார்த்துவிட்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணாச்சி குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தாமதமாகுதுன்னு சொல்லி என்னத்த விக்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் மகளை நான் சரியாகப் பார்த்தது அப்போதுதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள். என்னைவிட இரண்டொரு வயது சின்னவள். எலுமிச்சை நிறம், அதனால்தான் அந்தத் திட்டுகள் அவ்வளவு எடுப்பாகத் தெரிந்தன. வெளிச்சத்துக்கு வரச்சொன்னேன். திட்டு எங்கே ஆழமாக இருக்கிறது, எங்கே மேலாக இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன்.

"எக்கா, நான் என்ன கண்காட்சியா?" என்றாள். "மருந்து இருந்தாத் தாங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. மூஞ்சியப் பாத்துப் பாத்து எல்லாரும் ஆராய்ச்சி பண்ணியாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "மருந்து இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

மச்சினர் தன் பாட்டிலைக் கொண்டுவந்தது அதற்குப் பிறகு. மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று கணக்கெல்லாம் நினைவில்லை. மழைக்கு முந்திய புழுக்கம் மட்டும் நினைவிருக்கிறது. மலையில் ஒரு சாமியார் சொன்ன வேர்ச்சாறு என்றார். அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு வந்து என் எதிரிலேயே நின்றார். "போடுங்க ஒங்க குழாயில. அதிலயும் சோடா உப்புப் போடுங்க. பாப்போம்."

போட்டேன். கிழங்குச் சாறு கறுக்கவில்லை. சோடா உப்புப் போட்டேன். அப்போதும் கறுக்கவில்லை. மாலைவரை வைத்தோம். தண்ணீர்க் குழாய் கரிபோல ஆகியும் அந்தக் குழாய் அப்படியே இருந்தது. அண்ணாச்சி மச்சினரின் தோளைத் தட்டினார். என்னைப் பார்த்து, "இந்தத் தடவையாவது 'லாம்' போடாமச் சொல்லும்மா" என்றார்.

அவர்கள் கவனிக்காததை நான் கவனித்திருந்தேன். சாறு தெளிவாக இல்லை. பால் திரிந்ததுபோல அடியில் வெள்ளை வெள்ளையாகத் தங்கியிருந்தது. என்சைமும் ஒரு புரதம்தான். அதைத் தடுப்பது வேறு. திரிய வைத்துக் கொல்வது வேறு. மறுநாள் முட்டையின் வெள்ளைக்கருவில் அந்தச் சாற்றை ஒரு சொட்டு விட்டேன். கட்டியாக உறைந்தது. அப்புறம் பழைய செப்புக் காசு ஒன்றைப் புளி போட்டுத் துலக்கி, அதன்மேல் சாற்றைத் தேய்த்தேன். காசு வெள்ளிபோல மின்னத் தொடங்கியது.

பாதரசம். வேர்ச்சாறுமில்லை, சாமியாருமில்லை. நாட்டு மருந்துக் கடையில் வீரம் என்று கேட்டால் கிடைக்கும் பாதரச உப்பைக் கரைத்து, நிறத்துக்கு எதையோ சேர்த்திருந்தார். வீரம் எப்பேர்ப்பட்ட விஷம் என்று எந்த வைத்தியருக்கும் தெரியும்.

காசை அண்ணாச்சியின் மேஜையில் வைத்துச் சொன்னேன். அவர் காசையும் மச்சினரையும் மாறிமாறிப் பார்த்தார். மச்சினர் அசரவில்லை.

"செம்பு வெள்ளியாகுதுன்னா நல்லதுதானே அத்தான்? அதத்தானே சித்தருங்கல்லாம் தேடுனாவ!"

அண்ணாச்சி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. "வெசம்னா எல்லாமே வெசந்தாம்மா. அளவுலதான இருக்கு" என்றார். அதோடு, நான் சொல்வதற்கு முன்பே அந்தச் சாறு களிம்பாகி, அவர் மகளின் கன்னத்தில் ஏறிவிட்டது என்பதையும் அப்போதுதான் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை.

உண்மையிலேயே அவள் முகம் வெளுத்துத்தான் போனது. சில வாரங்களில் திட்டு மங்கி, பிறகு கிட்டத்தட்ட மறைந்தே போனது. கோயிலுக்குப் போய்விட்டு வந்த பெண்கள் எல்லாம் அவளை நிறுத்தி விசாரித்தார்கள். டப்பாவுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. சீசனுக்கு ஐந்தருவிக் கடையில் எண்ணெய்க்குப் பக்கத்தில் மங்குக் களிம்பு. நான் கிழங்கு நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னோடு பேசவில்லை.

ஒரு நாள் அவள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது அவள் காலைப் பார்த்தேன். கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. கணுக்காலே தெரியவில்லை. முகத்திலும் தெளிவு மட்டுமில்லை, ஒரு ஊதல். கண்ணுக்குக் கீழே பை கட்டியிருந்தது. வழியை மறித்து நின்றேன்.

"அந்தக் களிம்ப நிறுத்து. கால் வீங்கியிருக்கு பாரு. அது ஒன் ரத்தத்துல கலந்து உள்ள போகுது."

"கால் வீங்குனா உப்பு கூடியிருக்கும்."

"பாதரசம்ட்டி அது! சொன்னாக் கேளு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க கறுப்பா இருந்தா ஊரே கறுப்பா இருக்கணுமா?" என்றாள். அக்கா என்பதை அன்றோடு விட்டுவிட்டாள்.

நான் கறுப்புதான். பெண் பார்க்க வந்தவர்கள் பலர் அதைச் சொல்லிவிட்டுப் போனதுண்டு. ஆனால் இப்படி, காப்பாற்ற வந்த இடத்தில், ஒருத்தி அதை எடுத்து என் முகத்தில் எறிவாள் என்று நான் நினைக்கவில்லை. "அப்ப வெளுத்துச் சாவு" என்றேன். அன்றைக்கு எனக்கிருந்த ஆத்திரத்தில் அதைவிட மரியாதையாக எதுவும் வந்திருக்காது.

சீசன் தொடங்கும் முன்னால் ஆலங்குளத்துச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மருமகளைக் கூட்டிப்போக மட்டுமில்லை. களிம்புக்கு ஆலங்குளம் ஏஜென்சி வேண்டுமாம். அண்ணாச்சி ஆள் அனுப்பி என்னையும் வீட்டுக்கு வரச்சொன்னார். 'இவங்கதான் எங்க கெமிஸ்ட்' என்று காட்ட வேண்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன், சம்பளம் வாங்குகிறவள், என்று அவர் நினைத்திருக்கிறார்.

கூடத்தில் அண்ணாச்சி, மச்சினர், மாமியார்க்காரி, அவள் மகன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் மகள் பட்டுப்புடவையில் கதவோரம் நின்றாள். நின்றுகொண்டிருப்பதே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, நிலையைப் பிடித்திருந்தாள். நடுவில் பலகாரத் தட்டும், பளபளவென்று துலக்கிய ஒரு செப்புச் செம்பில் தண்ணீரும். தட்டில் வெற்றிலையோடு எலுமிச்சம்பழம்.

"நம்ம கெமிஸ்ட் அம்மா பாத்துச் செஞ்ச மருந்து" என்று அண்ணாச்சி தொடங்கினார்.

"நான் செய்யல" என்றேன். "இது என்னன்னு மட்டும் காட்டுதேன்."

எலுமிச்சம்பழத்தைக் கீறி, செம்பின் ஒரு பக்கம் தேய்த்தேன். மாதிரிக்கு வைத்திருந்த டப்பாவைத் திறந்து, களிம்பை எடுத்து அதே இடத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். துணியால் துடைத்ததும், என் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பு வெள்ளையாக மின்னியது. "இதுதான் அவ மூஞ்சியில ஏறியிருக்கு."

"செம்பு வேற, மூஞ்சி வேற" என்றாள் மாமியார்க்காரி.

மச்சினர் எழுந்துவிட்டார். "கைக்குள்ள என்னத்தையோ வச்சுத் தேய்க்கா, அத்தான். கண்கட்டு வித்த!"

அப்போது அவள் கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்தாள். பைய உட்கார்ந்தாள். என் பக்கமே பார்க்கவில்லை. செம்பைத் திருப்பி மறுபக்கத்தில் எலுமிச்சையைத் தேய்த்து, டப்பாவில் விரலை விட்டு, அவளே தேய்த்தாள். முந்தானையால் துடைத்தாள். அங்கேயும் வெள்ளையாக மின்னியது.

"மாமா, இதுல என்ன போட்டிய?"

அவள் திரும்பக் கேட்டாள். மச்சினர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தரையைப் பார்த்தார்.

மாமியார்க்காரிதான் பேசினாள். "இப்ப என்ன? அதான் வெளுத்துட்டுல்லா. இனிமே போட வேண்டாம். பொறப்படு, பஸ்ஸுக்கு நேரமாகுது."

"நிப்பாட்டுனா திரும்ப வந்துருமே, அத்த. வந்தா மறுபடியும் இங்கன கொண்டாந்து விட்டுருவியளா?"

அவள் புருஷன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான். அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிலையைப் பிடித்து எழுந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வரவே இல்லை. மாமியார்க்காரி வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்திவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அன்று சாயங்காலமே எனக்கு வேலை போய்விட்டது. சம்பந்திமார் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம். "நன்றி கெட்ட ஜென்மம்" என்றார் அண்ணாச்சி. நான் என் குழாய்களை எடுத்துக்கொள்ளக் கேட்டேன். மச்சினர் அதற்கு முன்பே அவற்றைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டு உடைத்திருந்தார்.

அந்த வாரமே அவளைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் கெட ஆரம்பித்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் பூசியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆயிற்று. பிழைத்துக்கொண்டாள். மங்கு முன்பைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. ஆலங்குளத்துக்கு அவள் போகவே இல்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

அண்ணாச்சி களிம்பை நிறுத்தினார். அதுவும் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான். மச்சினர் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து போனார். அடுத்த சீசனில் ஐந்தருவியில் அதே களிம்பை வேறு பெயரில், வேறு டப்பாவில் பார்த்தேன். ஈரத்துணியோடு ஒரு பெண் அதை வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து, வேண்டாம், இதில் விஷம் இருக்கிறது என்றேன். கடைக்காரன் என்னைக் கண்டபடி பேசினான். அந்தப் பெண்ணும் என் கையை உதறிவிட்டு, டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். சாரலில் நனைந்துகொண்டு நான் அவனோடு சண்டை போட்டேன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, அவ்வளவுதான் பலன். சுகாதார அதிகாரிக்கு மனுப் போட்டேன். அதற்குப் பதிலே வரவில்லை.

பிறகு தென்காசியிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்தேன். அண்ணாச்சி ஒரு தடவை வீடு தேடி வந்தார். அதிமதுரத்தை வைத்து ஏதோ செய்து தர முடியுமா என்று கேட்டார். "தாமதமாகுதுன்னு சொன்னியளே, அது போதும்மா" என்றார். உட்காருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. முடியாது என்றேன். போய்விட்டார்.

அவளும் பின்னால் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், மகளைச் சேர்க்க. ஆபீஸ் வாசலில் எதிரும் புதிருமாக நின்றோம். முகம் முழுக்கத் திட்டு. பவுடர் எதுவும் பூசியிருக்கவில்லை. உயிரோடு நிற்கிறாள், அதற்கு நானும் ஒரு காரணம் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். நன்றியை எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

"இவள வேற டீச்சர் கிளாஸ்ல போடச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"நல்லது" என்றேன். மணி அடித்தது. வகுப்புக்குப் போனேன்.